வெள்ளைச்சாமியின் மனுவில் வந்த கொலோபஸ்

வெள்ளைச்சாமியின் இடது கட்டைவிரல் போனதற்கு யார்மேலும் குற்றம் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை, வாரவிடுமுறை. குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். முந்திரிக்கட்டை ஒன்றை இடது கையால் நிறுத்திப் பிடித்து, வலது கையால் கோடாலியை இறக்கினார். கட்டையில் கணு இருந்தது. கோடாலி வழுக்கியது.

வாசலில் விலங்கியல் நோட்டை விரித்துவைத்திருந்த மகள் சந்திரகலா, சத்தம் எதுவும் கேட்காமலேயே நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். காலடி மண் நனைந்துகொண்டிருந்தது. அவர் முதலில் சொன்னது, “அம்மாட்ட சொல்லாத தாயி, பதறிருவா” என்பதுதான்.

பாதி தொங்கிய விரலை ஆஸ்பத்திரியில் முழுதாகவே எடுத்துவிட்டார்கள். இருபது நாளில் புண் ஆறியது. இருபத்தோராம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதல் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்.

அவர் ராமநாதபுரத்துப் பக்கம் கமுதியிலிருந்து நெய்வேலிக்கு வந்தது அறுபத்தாறில். ஊரில் மூன்று வருடம் மழை இல்லை. மண்வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எட்டுப் பேராக ரயிலேறினார்கள். ஆறு பேர் திரும்பிப் போனார்கள், ஒருவர் செத்துப்போனார், இவர் தங்கினார். பண்ருட்டிக்காரியான கனகத்தைக் கட்டினார். சந்திரகலா பிறந்தாள்.

சுரங்கத்தில் மண்ணை வெட்ட ராட்சச மிஷின்கள் இருந்தன. வெட்டிய நிலக்கரி மைல் கணக்கில் பெல்ட்டில் ஓடும். ஓடுகிற பெல்ட்டிலிருந்து நாள் முழுக்கச் சிந்திக்கொண்டே இருக்கும். சிந்தியதை அள்ளாவிட்டால் கீழே குவிந்து பெல்ட்டின் உருளைகள் சிக்கிக்கொள்ளும். அதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி மேலே போடுகிற ஆட்களில் வெள்ளைச்சாமி ஒருவர். ஆட்களை வைத்து வேலை வாங்கியது கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி. கான்ட்ராக்ட் கை மாறும்போதெல்லாம் மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் புதிதாக ஏறும், போன வருடங்கள் பழைய நோட்டோடு போய்விடும். அப்படிப் பதினெட்டு வருடம். கடைசி மூன்று வருடம் வாசன் அண்ட் பிரதர்ஸ் என்ற கம்பெனியில்.

நெய்வேலியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். ஒன்று கான்ட்ராக்ட், இன்னொன்று பெர்மனென்ட். பெண் கேட்டு வருகிறவர்கள் குலம் கோத்திரத்துக்கு முன்னால் அதைத்தான் விசாரிப்பார்கள். எண்பத்துநாலில், யூனியன் பேசிப் பேசி, மூன்று வருடம் முடித்த நாற்பது பேரை வாசன் கம்பெனி பெர்மனென்ட் ஆக்குவதாக ஒப்புக்கொண்டது. சேதி வந்த அன்று வெள்ளைச்சாமி வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவவில்லை.

“ஏத்தா, நீ என்னமோ காலேசுல படிக்கணும்னியே, பூச்சி பொட்டு படிப்பு…”

“விலங்கியல்ப்பா. பி.எஸ்.சி.”

“அதான். ஒங்கப்பன் பெர்மனென்ட் ஆனா நீ விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறுற. ஆகலைன்னா ஒம்மாமன் இருக்கான்.”

மாமன் கனகத்தின் தம்பி. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் மேஸ்திரி. பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திக் கொட்டகை வேலைக்கு அனுப்பச் சொல்லி ஏற்கெனவே இரண்டு முறை ஆள் விட்டவர். சந்திரகலா அப்போது பிளஸ் ஒன். ஆக, அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கட்டைவிரல் போன பிறகு இரண்டாம் மாதம் சரிபார்ப்பு வந்தது. கம்பெனி கிளார்க் ராயப்பன், மூன்று வருட மஸ்டர் நோட்டுகளோடும் ஒரு மைப்பெட்டியோடும் ஷெட்டில் மேஜை போட்டு உட்கார்ந்தார். வேலை பார்த்தது இன்னார்தான் என்று உறுதி செய்ய வேண்டும். கையெழுத்துத் தெரிந்த ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் வரிசையாக இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள். ராயப்பன் பூதக்கண்ணாடியால் பழைய ரேகையையும் புது ரேகையையும் பார்த்துவிட்டு டிக் அடித்தார்.

வெள்ளைச்சாமி வலது கையை நீட்டினார்.

“இடது கைங்க, பெரியவரே.”

வெள்ளைச்சாமி இடது கையை மேஜைமேல் வைத்தார். பின்னால் நின்ற இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர், எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காதவர், “அண்ணாச்சி அவசரத்துல வெரல வீட்டுல வச்சிட்டு வந்துட்டாவ சார்” என்றார். வரிசை சிரித்தது. ராயப்பன் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வாரா வாரம், மூன்று வருடம், வெள்ளைச்சாமி என்ற பெயருக்கு எதிரே அந்த ஒரே விரல். ஒப்பிட்டுப் பார்க்க இப்போது அந்த விரல் உலகத்தில் இல்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

“பயப்படாதீங்க” என்றார் ராயப்பன். “ஒரு மனு எழுதியாங்க. நாலே வரி. மஸ்டர்ல இருக்கிற ஆளு நான்தான், விரலு போயிடுச்சி, வலது கை ரேகைய ஏத்துக்கங்கன்னு. கீழ ரெண்டு பேரு சாட்சி. வேற ஒண்ணும் எழுதாதீங்க. நான் முடிச்சிக் குடுக்கறேன்.”

மனு எழுத வீட்டிலேயே ஆள் இருந்தது.

அந்த வாரம் சந்திரகலாவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட் வரைந்துகொண்டிருந்தார்கள். விலங்கியல் ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் எத்தியோப்பியாவில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆப்பிரிக்கக் குரங்குகள் என்று தலைப்புக் கொடுத்து, படம் நன்றாக வரும் என்பதால் கடினமானதைச் சந்திரகலாவிடம் தள்ளினார். கறுப்பு உடம்பு, தோளிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் நீளமான வெள்ளை முடி, நுனியில் குஞ்சம் கட்டியதுபோல வால். அவள் அதை ஆசையாக வரைந்தாள். கிளையைப் பிடித்திருக்கும் கையை வரைந்து முடித்தபோது ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

“கட்டைவிரலை அழிச்சிடும்மா. அதுக்குக் கிடையாது. இருக்கிற இடத்துல சின்னதா ஒரு முண்டு இருக்கும், அவ்வளவுதான்.”

சந்திரகலா ரப்பரை எடுத்தாள். கை சற்று நின்றுவிட்டு அழித்தது.

“அதனாலதான் அதுக்குக் கொலோபஸ்னு பேரு. கிரேக்கத்துல வெட்டுப்பட்டது, ஊனமானதுன்னு அர்த்தம். பேர் வச்சவர் பாரு, அவ்வளவு அழகான முடியைப் பார்க்கல, தாவுறதைப் பார்க்கல. இல்லாத விரலைப் பார்த்து வச்சிட்டார்.”

“அங்க இருக்கிறவங்களும் அப்படித்தான் சொல்வாங்களா சார்?”

“இல்ல. அவங்க குரேசான்னு சொல்வாங்க. நான் கொலோபஸ்னு சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது. கொலோபஸ் புத்தகத்துக்கும் மியூசியத்துக்கும்தான். ஆனா நீ பரீட்சைல கொலோபஸ்னுதான் எழுதணும்.”

“அப்ப அது நிஜமாவே ஊனமா சார்?”

“எங்கேர்ந்து? அது மரம் விட்டு மரம் பாயறப்ப நாலு விரலும் கொக்கி மாதிரி கிளையில மாட்டிக்கும். கட்டைவிரல் இருந்தா இடைஞ்சல். எதுவும் குறையில்லாத பிராணி அது. பேருதான் அப்படி.”

அவள் அப்பாவின் கையைப் பற்றி ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வெள்ளை முடி, குஞ்ச வால், நாலு விரல், கொக்கி. வெள்ளைச்சாமி குழந்தையைப் போலக் கேட்டார். எழுந்து போய்க் குடிசையின் குறுக்குக் கட்டையில் இடது கை நாலு விரலையும் மாட்டி, உடம்பைத் தூக்கிப் பார்த்தார். கூரை கிரீச்சென்றது.

“கூர வுழுந்துறப் போவுது! இவருக்கு இன்னா வயசுன்னு நெனப்பு?” என்று கனகம் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

“நான் இல்லடி, கொலோபசு” என்றார் அவர். பிறகு மகளிடம், “ஆமா, அந்தப் பேருக்கு என்னமோ அர்த்தம் இருக்கணுமே?” என்றார்.

சந்திரகலா, “சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்ப்பா” என்றாள்.

மறுநாள் பெல்ட் பக்கம் முழுக்க அந்தக் குரங்குதான் பேச்சு. தன்னைப் போல ஒன்று ஆப்பிரிக்காவில் மரத்துக்கு மரம் பாய்கிறது என்று வெள்ளைச்சாமி எல்லோரிடமும் சொன்னார். அது இலைதான் தின்னும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால், டீக்கடையில் இசக்கிமுத்து ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து, “அண்ணாச்சிக்கு வடை வேண்டாம் கேட்டியளா, இத வையுங்க” என்று தட்டில் வைத்தார். வெள்ளைச்சாமி ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். விரல் போன நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே சந்திரகலா மனு எழுத உட்கார்ந்தாள். ராயப்பன் சொன்ன நாலு வரியை முதலில் எழுதினாள். அது அவளுக்குப் போதவில்லை. விரல் இல்லாதவரை எதற்கு எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால்? கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பா இப்போதும் ஷிப்ட்டுக்கு எத்தனை தட்டு கரி அள்ளுகிறார், எத்தனை நாள் லீவு எடுக்காமல் வந்தார் என்று எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் கொலோபஸ் வந்தது. ‘ஆப்பிரிக்கக் காடுகளில் கொலோபஸ் என்றொரு குரங்கு உண்டு. அதற்குக் கட்டைவிரல் கிடையாது. அதன் பெயருக்கு ஊனமானது என்பதே பொருள். என் நிலையும் அதுவே. ஆயினும் அக்குரங்கு ஒரு கிளையையும் தவறவிடுவதில்லை. நானும் அவ்வாறே.’

எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் அதுவரை எழுதியதிலேயே நல்ல இடம் அதுதான் என்று அவளுக்குப் பட்டது. ஊனம் என்று சொல்லி, இல்லை என்று நிரூபிப்பது. ஆசிரியர் பார்த்தால் மெச்சுவார்.

“நாலு வரின்னுதான அந்த சார் சொன்னாரு? நீ இன்னா ரெண்டு பக்கம் எழுதிக்கினு இருக்க?” என்றாள் கனகம்.

“எழுதட்டும் விடு. படி தாயி” என்றார் வெள்ளைச்சாமி. சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

சந்திரகலா படித்தாள். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். ‘அதற்குக் கட்டைவிரல் கிடையாது’ என்று படித்தவள், அப்பாவின் மூடிய கண்ணைப் பார்த்தாள். அடுத்த இரண்டு வரியைத் தாண்டி, ‘அக்குரங்கு ஒரு கிளையையும் தவறவிடுவதில்லை’ என்பதற்குப் போய்விட்டாள்.

“அடேயப்பா” என்றார் அவர். “கொரங்கு வேணுமா வேணாமான்னு யாராச்சும் கேட்டா, இருக்கட்டும்னு சொல்லிரு.”

வலது கட்டைவிரலை மையில் ஒற்றி, அவள் காட்டிய இடத்தில் வைத்தார். இசக்கிமுத்துவும் இன்னொருவரும் சாட்சி போட்டார்கள். மறுநாள் அவர் அதைக் கொண்டுபோனபோது ராயப்பன் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். “இன்னாங்க இது, ரெண்டு பக்கமா?” என்றார். படிக்க நேரமில்லை. பின் குத்தி ஃபைலில் வைத்துக்கொண்டு ஓடினார்.

கம்பெனி ஆபீஸ் கடலூரில் இருந்தது. அங்கே ஓர் அதிகாரி அதை முழுதாகப் படித்தார். நாலு வரி மனுவாக இருந்தால் ரேகை விஷயமாக ஒரு கையெழுத்தோடு போயிருக்கும். இது வேலைத்தகுதி விஷயமாகிக் கம்பெனி டாக்டரிடம் போனது.

டாக்டர் வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டனுப்பினார். அன்று அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“என்னப்பா சொன்னாரு?”

“கைய நீட்டச் சொன்னாரு. மடக்கச் சொன்னாரு. மண்வெட்டி குடுங்க சார், அள்ளிக் காட்டறேன்னேன். வேணாம்னுட்டாரு. அப்பறம் ஒம்மனுவ எடுத்துப் படிச்சாரு. இத யாரு எழுதினதுன்னாரு. எம்மக சார், பிளஸ் ஒன் படிக்குதுன்னேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கே, நல்லாப் படிக்க வைய்யான்னாரு. டாக்டரே சொல்லிட்டாரு!”

“வேலையப் பத்தி?”

“தகவல் வரும்னாரு.”

கனகம் அன்று மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிட்டாள்.

தகவல் பத்தாம் நாள் வந்தது. ஷெட் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வெள்ளைச்சாமி சந்திரகலாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பள்ளி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சுவர் முன்னால் கூட்டம். படிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

“யம்மா, எம்பேரு கெடக்கா பாரு” என்றார் இசக்கிமுத்து. எப்போதும்போல் இல்லாமல், குரல் அடங்கியிருந்தது.

“இருக்கு மாமா. நாலாவது.”

இசக்கிமுத்து சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தாள். முப்பத்தொன்பது. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே மனசுக்குள் ஒருமுறை. பக்கத்தில் தனியாக ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரே பெயர்.

“அதுல யாரு?” என்றார் வெள்ளைச்சாமி.

“நீங்கதாம்ப்பா.”

“என்ன போட்டிருக்கு? படி.”

அவள் வாய்க்கு எத்தனையோ வார்த்தை வந்தது. ஒரு தடவை தாண்டிப் படித்தது போதும் என்று தோன்றியது. இருந்ததை இருந்தபடி படித்தாள்.

“‘மனுதாரர் தமது ஊனத்தைத் தாமே மனுவில் ஒப்புக்கொண்டுள்ளார். மருத்துவரும் உறுதி செய்துள்ளார். பணிக்குத் தகுதியற்றவர்.’”

“ஒப்புக்கிட்டேனா? நானா? எங்க?”

“ரெண்டாவது பக்கத்துல.” “அந்தக் குரங்கோட பேருக்கு அர்த்தம் அதாம்ப்பா. ஊனமானதுன்னு. அதை எழுதி, என் நிலையும் அதுவேன்னு எழுதினேன். இல்லைன்னு காட்டத்தான் எழுதினேன். உங்ககிட்ட படிக்கறப்ப அந்த வரிய விட்டுட்டேன்.”

வெள்ளைச்சாமி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்து தெரியாதவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அர்த்தம் தெரிஞ்சேதான், சார்ட்ட கேட்டுச் சொல்றேன்னியா?”

“ஆமாம்ப்பா.”

“நான் வருத்தப்படுவேன்னாக்கும்?”

அவள் தலையாட்டினாள்.

“வருத்தப்பட்டுத்தான் இருப்பேன் தாயி” என்றார் அவர். “ஆனா எடுத்துரச் சொல்லியிருப்பேன்ல.”

இசக்கிமுத்து அவர் தோளில் கைபோட வந்தார். வெள்ளைச்சாமி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஒம்பேரு வந்துருச்சு. நல்லாரு” என்றார். பிறகு ராயப்பனிடம் போனார்கள். ராயப்பன் ஃபைலைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார். கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நான் அன்னிக்கி ஒரு நிமிசம் நின்னு படிச்சிருக்கணும்மா” என்றார் அவளைப் பார்த்து. “இப்ப டாக்டரு கையெழுத்து வுழுந்துடிச்சி. அதத் தாண்டி நானு எதுவும் செய்ய முடியாது.” வேறு நாலு வரி மனு எழுதித் தருகிறேன் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். அவர் இரண்டு முறையும் தலையை ஆட்டினார்.

அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. வெள்ளைச்சாமி சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். அவள் கூட நடந்தாள். டவுன்ஷிப் வீடுகள் இருக்கும் பிளாக்குகளைத் தாண்டி, முந்திரித் தோப்பைத் தாண்டிக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கனகம் வாசலிலேயே நின்றிருந்தாள். “இன்னாச்சி?”

“இல்லயாம்” என்றார் வெள்ளைச்சாமி. “டாக்டரு கையப் பாத்துட்டு வேணாம்னுட்டாராம்.”

“அந்தாளு நல்லா இருப்பானா? எம்பொண்ணு கையெழுத்த மெச்சிக்கினு, உள்ளுக்குள்ள இதத்தான் வச்சிக்கினு இருந்தானா?” கனகம் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். டாக்டரைத் திட்டினாள். கம்பெனியைத் திட்டினாள். கோடாலியைத் தூக்கி முள்வேலிக்கு அப்பால் எறிந்தாள். “அம்மாம் அழகா எழுதிக் குடுத்துச்சே எம்பொண்ணு, ரெண்டு பக்கம்! அத மதிச்சானுங்களா?” என்று அழுதாள்.

“அம்மா…” என்று சந்திரகலா ஆரம்பித்தாள்.

வெள்ளைச்சாமி அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்துவிட்டு, கோடாலியைத் தேடி எடுத்துவர வேலிப்பக்கம் போனார். விறகு இன்னும் பிளக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கனகம் பண்ருட்டிக்குத் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.